பந்தும் மட்டையும் – 9: அக்டோபரில் ஓயும் மட்டைகள்

பேஸ்பாலில் தலைசிறந்த மட்டையாளர் என்று பெயரெடுத்தவர்கூட 10 முறை களமிறங்கினால் 7 முறை ஒன்றுமில்லாமல்தான் திரும்புவார். சராசரி .300 என்பதன் கணக்கு அதுதான். 162 ஆட்டங்கள் ஓடும் வழக்கமான சீசனில் அந்த ஏழு முறையை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், சமன் செய்ய வேண்டிய ஆள் இரண்டாவது பேஸில் நிற்கிறார் என்றால் மட்டும் நிலைமை மாறிவிடும். அமெரிக்க ரசிகர்கள் ‘கிளட்ச்’ என்று அழைக்கும் இந்த இக்கட்டில் கோடிகளில் சம்பளம் வாங்கும் நட்சத்திரம் வெறுங்கையோடு திரும்பினால் அரங்கமே ஊளையிடும்.

இந்த ஏமாற்றம் ஆட்டத்தோடு கூடவே வளர்ந்தது. 1888 ஜூன் 3 அன்று ‘சான்பிரான்சிஸ்கோ எக்ஸாமினர்’ நாளிதழில் எர்னஸ்ட் தேயர் எழுதிய ‘கேசி அட் த பேட்’ என்ற வேடிக்கைக் கவிதையின் கதையே இதுதான். மட்வில் என்ற ஊரின் பெருமைக்குரிய கேசி, கடைசி வாய்ப்பில் இரண்டு பந்துகளை அலட்சியமாக விட்டுவிட்டு, மூன்றாவதை ஓங்கி வீசிக் கோட்டைவிடுகிறான். அமெரிக்காவில் மிக அதிகம் பேருக்குத் தெரிந்த பேஸ்பால் கவிதை ஒரு தோல்வியைப் பற்றியதாக இருப்பது தற்செயல் அல்ல.

ஏமாற்றத்தை ஆட்டத்தின் அமைப்பும் கூட்டுகிறது. கூடைப்பந்தில் கடைசி நொடிப் பந்தை நட்சத்திரத்தின் கையிலேயே கொடுத்துவிடலாம். பேஸ்பாலில் ஒன்பது பேரும் வரிசைப்படிதான் ஆட வேண்டும். நெருக்கடியும் நாயகனின் முறையும் ஒன்றாக வந்து சேர்வதே அபூர்வம். அப்படிச் சேரும் வேளையில் எதிரணி அவரை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பி ஒதுங்கிக்கொள்ளவும் முடியும். காத்திருந்து காத்திருந்து வந்த வாய்ப்பு என்பதால்தான் தவறும்போது அத்தனை கசப்பு.

கசப்பு பட்டப்பெயராக மாறியதற்கு டேவ் வின்ஃபீல்ட் நல்ல உதாரணம். 1980 இறுதியில் நியூயார்க் யாங்கீஸ் அவரைப் பெருந்தொகைக்குப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. சீசன் முடிந்து அக்டோபரில் நடக்கும் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1981இல், லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்கு எதிராக, 22 முறை ஆடி அவர் அடித்தது ஒரே ஒரு ஹிட். அணியும் தோற்றது. 1982 முதல் 1986 வரை ஐந்து சீசன்களிலும் 100 ரன்களோ அதற்கு மேலோ அவர் கொண்டுவந்து சேர்த்ததெல்லாம் அணி உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டெய்ன்பிரென்னர் கண்ணில் படவில்லை. ‘மிஸ்டர் அக்டோபர்’ என்று கொண்டாடப்பட்ட ரெஜி ஜாக்சனோடு ஒப்பிட்டு, வின்ஃபீல்டை ‘மிஸ்டர் மே’ என்று 1985இல் அவர் ஏளனம் செய்தார். சீசன் தொடக்கத்தில் மட்டும் அடிப்பவர் என்று அர்த்தம். 1992இல், 41 வயதில், டொராண்டோ புளூ ஜேஸ் அணிக்காக உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், பதினோராவது இன்னிங்ஸில், இரண்டு அவுட்டுக்குப் பிறகு வின்ஃபீல்ட் அடித்த டபுள் இரண்டு ரன்களைக் கொண்டுவந்தது. கனடா அணி ஒன்றுக்குக் கிடைத்த முதல் கோப்பை அது.

அலெக்ஸ் ரோட்ரிகஸ் பட்ட பாடு இன்னும் நீளம். 2004இல் யாங்கீஸுக்கு வந்த அவர், வழக்கமான சீசனுக்குப் பிந்தைய பிளே-ஆஃப்களின் முதல் சுற்றில் மினசோட்டாவுக்கு எதிராக .421 அடித்தார். அதை இன்று நினைப்பார் இல்லை. அடுத்த சுற்றில் பாஸ்டனுக்கு எதிராக 3–0 என முன்னிலை பெற்ற யாங்கீஸ் நான்கு ஆட்டங்களை வரிசையாக இழந்தது. ஆறாவது ஆட்டத்தில் பிட்சரின் கையிலிருந்த பந்தை ரோட்ரிகஸ் தட்டிவிட்ட காட்சிதான் நிலைத்தது. 2005இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது, அதே ஆண்டு பிளே-ஆஃபில் 15 வாய்ப்புகளுக்கு 2 ஹிட். 2006இல் 14க்கு 1. மேலாளர் ஜோ டோரி அவரை எட்டாவது இடத்துக்கு இறக்கினார். சொந்த மைதானமே அவரைப் பார்த்து ஊளையிட்டது.

14க்கு 1 என்பது எவ்வளவு மோசம்? அந்த சீசனில் ரோட்ரிகஸின் சராசரி .290. அந்தத் திறனுள்ள ஒருவர் மனநடுக்கம் ஏதுமின்றி ஆடினாலும், 14 வாய்ப்புகளில் ஒரு ஹிட்டோ அதற்கும் குறைவோ எடுப்பது ஏறத்தாழ 18 தடவைக்கு ஒரு தடவை தானாகவே நேரும். அது ஜூன் மாதத்தில் நேர்ந்தால் செய்தி ஆகாது. போதாக்குறைக்கு, அக்டோபரில் பலவீனமான அணிகள் வெளியேறியிருக்கும். இடையில் ஓய்வு நாட்கள் கிடைப்பதால் எதிரணியின் முதல்தரப் பிட்சர்களே மீண்டும் மீண்டும் வீசுவார்கள்.

மறுபக்கம் டெரெக் ஜீட்டர். யாங்கீஸ் ரசிகர்களுக்கு நெருக்கடி நாயகன் என்றால் அவர்தான். வழக்கமான சீசன்களில் அவர் சராசரி .310, பிளே-ஆஃப்களில் .308. அதாவது அக்டோபரில் அவர் உயரவில்லை, வழக்கம்போலவே ஆடினார். ஆனால் அதைக் காட்ட அவருக்கு 158 பிளே-ஆஃப் ஆட்டங்கள் கிடைத்தன, கிட்டத்தட்ட ஒரு முழு சீசன். ஜாக்சனின் கணக்கு இதைவிட வேடிக்கையானது. 1977 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் மூன்று பிட்சர்களின் பந்தில் மூன்று ஹோம் ரன் அடித்தவர் அவர். உலகத் தொடர்களில் சராசரி .357. அதற்கு முந்தைய சுற்றான லீக் இறுதிகளிலோ வெறும் .227. அதுவும் அக்டோபர் மாதம்தான்.

நெருக்கடியில் அடிப்பது தனித்திறனா என்பதை 1977இல் புள்ளிவிவர ஆய்வாளர் டிக் கிரேமர் சோதித்துப் பார்த்தார். 1969, 1970 சீசன்களை ஒப்பிட்டபோது, ஓராண்டு கிளட்ச் வீரராக இருந்தவர் மறு ஆண்டும் அப்படியே இருக்கவில்லை. அப்படி ஒரு திறன் இல்லை என்பது அவர் முடிவு. எண்களின் இரைச்சலில் சிறிய திறன் ஒன்று மறைந்துகிடந்தாலும் இந்த முறையில் தெரியாது என்று 2004இல் இன்னொரு ஆய்வாளரான பில் ஜேம்ஸ் மறுத்தார். பின்னர் டாங்கோ, லிக்ட்மன், டால்ஃபின் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் மேலும் விரிவாக ஆராய்ந்து, மிகச் சிறிய வேறுபாடு உண்டு என்றார்கள். ஆனால் கடைசி இன்னிங்ஸில் யாரை அனுப்புவது என்ற முடிவை மாற்றும் அளவு அது பெரிதல்ல. பொதுவாக நன்றாக அடிப்பவரே அப்போதும் பொருத்தமானவர்.

ரசிகர்கள் எல்லோரும் ஊளையிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1952 உலகத் தொடரில் புரூக்ளின் டாட்ஜர்ஸின் கில் ஹாட்ஜஸ் 21 முறை ஆடி ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. அடுத்த வசந்தத்திலும் சரிவு தொடர்ந்தது. புரூக்ளின் மக்கள் அவருக்குக் கடிதங்களும் ஜெபமாலைகளும் அனுப்பினார்கள். பாதிரியார் ஒருவர் வெயில் காரணமாகப் பிரசங்கத்தைக் கைவிட்டு, ஹாட்ஜஸுக்காக ஜெபிக்கச் சொல்லிச் சபையை அனுப்பிவைத்தார். 1953 உலகத் தொடரில் ஹாட்ஜஸ் .364 அடித்தார். 1955இல், ஏழாவது ஆட்டத்தின் இரண்டு ரன்களையும் அவரே கொண்டுவர, புரூக்ளின் தன் ஒரே கோப்பையை வென்றது. ஹாட்ஜஸ் அந்த ஊரிலேயே குடியிருந்தவர், ரோட்ரிகஸ் 25.2 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு வந்தவர். ரசிகர்களின் பொறுமை சராசரியைவிடச் சம்பளத்தைப் பார்த்தே அளக்கப்படுகிறது என்று தோன்றுகிறது.

இந்த வரிசையில் அண்மையில் வந்தவர் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ். 2022இல் 62 ஹோம் ரன்கள் அடித்து அமெரிக்கன் லீக் சாதனை படைத்த சில நாட்களிலேயே யாங்கி ஸ்டேடியத்தில் ஊளை கேட்டார். அந்தப் பிளே-ஆஃபில் சராசரி .139. 2024இல் 58 ஹோம் ரன்கள், பிளே-ஆஃபில் .184. 2025 பிளே-ஆஃபில் 26க்கு 13 அடித்தார். யாங்கீஸ் அப்போதும் டொராண்டோவிடம் தோற்று வெளியேறியது.