மருந்தடிக்காத கீரையும் வயிற்றுப்போக்கும்

காஞ்சிபுரத்தில் நான் கீரை கொடுக்கும் வீடுகளில் பாதி பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகள். "மருந்தடிக்காத கீரைதானே சார், அலசாமலே போடலாமா?" என்று கேட்பார்கள். கூடாதும்மா என்பேன். பூச்சிக்கொல்லி இல்லை என்பதால் கிருமியும் இருக்காது என்று அர்த்தம் இல்லை.

வயித்தால போனால் நம்ம பக்கம் உடம்புச் சூடு, கண்ணேறு என்பார்கள். பெரும்பாலும் காரணம், மலத்திலிருந்து கை, தண்ணீர், ஈ வழியாக வாய்க்கு வந்த கிருமிதான். கைக்குழந்தைகளுக்கு முக்கியமாக ரோட்டா வைரஸ். அதற்கான சொட்டு மருந்து அரசுத் தடுப்பூசிப் பட்டியலிலேயே உண்டு, போட்டுவிடுங்கள். ஈ.கோலை, ஷிகெல்லா, அமீபா எல்லாம் எந்த வயசையும் விடாது. சிலருக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையாலும், பால் ஒத்துக்கொள்ளாமலும் போகும்.

நமக்கு நெருக்கமான விஷயம் சாணி. ஈ.கோலையில் சில ஆபத்தான வகைகள் மாட்டின் குடலில் இருக்கும். மாடோ நன்றாகத்தான் இருக்கும். ஜீவாமிர்தத்தில் 10 கிலோ சாணியோடு 2 கிலோ வெல்லம் போடுகிறோம். நுண்ணுயிர் பெருகத்தானே வெல்லம்? அதில் நல்லது மட்டும்தான் பெருகும் என்று நான் ஜாமீன் கையெழுத்துப் போட மாட்டேன். கீரைக்கு வேரில் விடுங்கள். அறுப்பு நெருங்கும்போது இலைமேல் தெளிக்க வேண்டாம். பச்சைச் சாணியை மண்ணில் கலந்தபின், விளைச்சல் மண்ணில் படும் பயிர் என்றால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. கீரைக்கு அவ்வளவு நாள் ஏது? அதனால் மட்கிய எருதான் சரி. குவியலின் உள்சூடு 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல்.

சாணி மட்டும்தான் வழி என்றும் நினைக்காதீர்கள். 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை பரவி 3,800 பேருக்கு மேல் நோய்ப்பட்டு, 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் பழி ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் விழுந்தது. பாவம், அந்த உழவர்கள் பெரும் நஷ்டப்பட்டார்கள். கடைசியில் தடம் போய் நின்றது ஓர் இயற்கைப் பண்ணையின் முளைப்பயிரில். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைமேல்தான் சந்தேகம். முளை கட்டி விற்கிறவர்கள் இதை இரண்டு தரம் படியுங்கள். கதகதப்பும் ஈரமும் விதைக்கு எப்படியோ, கிருமிக்கும் அப்படியே.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊர்க்கழிவு கலந்த வெள்ளம் கிணற்றில் இறங்கும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கலந்து, ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். ரசாயனமாச்சே என்று முகம் சுளிப்பவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். கட்டு கட்டிய கீரையை வாய்க்கால் தண்ணீரில் முக்கி எடுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தொழுவத்திலிருந்து வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவணும்.

போக ஆரம்பித்துவிட்டால் ஆளை வீழ்த்துவது உடம்பில் நீர் வற்றுவதுதான். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது, இதில் எதைப் பார்த்தாலும் கைவைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வழியெல்லாம் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.