யாப்பில் வந்த விருந்து

புதிதாக வருபவரை விருந்து என்பது தமிழ் வழக்கு. தொல்காப்பியர் அச்சொல்லைச் செய்யுளுக்கும் உரியதாக்கினார். நூலுக்குரிய எட்டு வனப்புகளுள் ஒன்றை 'விருந்து' எனப் பெயரிட்டு, அது புதிதாகப் புனையப்பெறும் யாப்பைச் சார்ந்தது என்றார். ஆகவே, வடிவப் புதுமை இலக்கணத்திற்குப் புறம்பானதன்று. இலக்கணமே வாயில் திறந்து வரவேற்பது. செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையோடு தொடர்புடைய இரு ஆழ்வார்களின் பாடல்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

தொடரும் வெண்பா

கடல்மல்லை என வழங்கிய மாமல்லபுரத்தில் தோன்றியவர் பூதத்தாழ்வார் என்பது வைணவ மரபு. வெண்பா தன்னளவில் முற்றுப்பெறும் பாவகை. அவரோ, ஒரு வெண்பாவின் முடிவு அடுத்த வெண்பாவின் தொடக்கமாகுமாறு நூறு வெண்பாக்களை அந்தாதியாகத் தொடுத்து இரண்டாம் திருவந்தாதியை அருளினார். 'அன்பு' என்னும் சொல்லில் தொடங்கும் நூல் அச்சொல்லிலேயே நிறைவுறுகிறது. அன்பிற்கு முடிவில்லை என்பதை நூலின் வடிவமே உணர்த்துகிறது.

மரபை மீறிய மடல்

எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருமங்கையாழ்வார், பெரிய திருமொழியில் பெரும்பாலும் பத்துப் பாசுரங்கள் கொண்ட பதிக அமைப்பையே பின்பற்றினார். கடல்மல்லைக்கு இரண்டு திருமொழிகள் பாடினார். அருகிலுள்ள திருவிடவெந்தைக்குப் பாடியபோது, மகளின் துயர் கண்டு வருந்தும் தாயின் கூற்றாகப் பாடினார்.

அத்தலைவியே பேசத் தொடங்கும்போது பதிகம் போதவில்லை. காதல் கைகூடாத தலைவன், பனைமடலால் செய்த குதிரையின்மீது ஊரறிய வருவது மடலேறுதல் எனப்படும். பெண்டிர் மடலேறுதல் இல்லை என்பது தொல்காப்பியரும் வள்ளுவரும் காட்டும் நெறி. ஆழ்வாரின் தலைவியோ, மடலூர்வேன் எனத் துணிகிறாள். தென்னாட்டு வழக்கைக் கேட்டறிந்தும் அதனை ஏலேன் என்று பெரிய திருமடலில் வெளிப்படையாகவே மறுக்கிறாள். சிறிய திருமடலில், இறைவனைக் காணும்வரை தான் செல்லவிருக்கும் ஊர்களை அடுக்குகிறாள். கடல்மல்லை, இடவெந்தை, நீர்மலை ஆகியன அவ்வரிசையில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன.

இதற்கு ஆழ்வார் தேர்ந்த வடிவம் கலிவெண்பா. வெண்டளை பிறழாது சென்று, ஈற்றடி முச்சீராய் முடிதல் வேண்டும். ஆனால், அடிகளுக்கு மேல் எல்லை இல்லை. ஊர்தோறும் அலையும் நெஞ்சிற்கு இடையில் நில்லாத பாட்டே பொருந்துகிறது. ஒரு மரபை நெகிழ்த்தியவர், கடினமான வேறொரு கட்டுப்பாட்டைத் தாமே மேற்கொண்டார். சிறிய திருமடல் முழுவதும் ஒரே எதுகை. பெரிய திருமடலிலும் 200க்கும் மேற்பட்ட அடிகளுக்கு ஒரே எதுகை.

எண்களால் எழுந்த தேர்

குடந்தைப் பெருமானைப் பாடிய திருவெழுகூற்றிருக்கை மற்றொரு புதுமை. ஒன்று, இரண்டு, ஒன்று எனத் தொடங்கி, படிப்படியாக ஏழு வரை ஏறி, மீண்டும் ஒன்றில் இறங்குமாறு எண்ணுப்பெயர்களும் அவற்றின் ஒலியுடைய சொற்களும் அமைகின்றன. அவற்றை அடுக்கி எழுதினால் தேர் வடிவம் தோன்றும். இவ்வடிவைத் திருஞானசம்பந்தர் முன்னரே சீகாழிக்குப் பாடியுள்ளார். எனவே, ஒருவரின் புதுமை அடுத்தவருக்கு மரபாகிறது.

மரபை அறியாமல் மீறுவது பிழை. அறிந்து, பொருளின் தேவைக்காக மீறுவது படைப்பு. பெண்ணுக்கு மறுக்கப்பட்ட குரலை ஒலிக்கச் செய்ய ஒரு புதிய வடிவம் வேண்டியிருந்தது. அது பிற்காலத்தில் 'வளமடல்' எனச் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. விருந்தாக வந்தது, வீட்டுக்குரியதாகவே நிலைத்தது.