பழைய இலகுரக வானூர்திகளில் எரிபொருள் சேர்க்கைப்பொருட்களும் தொட்டிக் கசிவடைப்பான்களும்

எரிபொருள் சேர்க்கைப்பொருட்கள் என்பவை வானூர்திப் பெட்ரோலின் பண்புகளை மாற்றுவதற்காகச் சிறிய அளவில் கலக்கப்படும் வேதிப்பொருட்கள் ஆகும். தொட்டிக் கசிவடைப்பான்கள் என்பவை எரிபொருள் தொட்டியின் இணைப்புகளிலும் ஆணித் துளைகளிலும் கசிவைத் தடுக்கும் பசைப் பொருட்கள் ஆகும். செஸ்னா, பைப்பர், மூனி போன்ற நிறுவனங்கள் அரை நூற்றாண்டுக்கு முன் தயாரித்த பல சிறு வானூர்திகள் இன்றும் பறக்கின்றன. எஞ்சினுக்காக எரிபொருளில் சேர்க்கப்படும் பொருள் முதலில் தொட்டியையே தொடுவதால், இவ்வானூர்திகளில் இவ்விரண்டையும் தனித்தனியே கருத முடியாது.

ஈயம்

‘நாக்கிங்’ எனப்படும் எஞ்சின் இடிப்பை டெட்ராஎத்தில் ஈயம் தடுக்கும் என்பதை 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். இன்று பரவலாகப் பயன்படும் நீலநிற 100எல்எல் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். எரிந்தபின் ஈயம் படியாமல் ஆவியாக வெளியேற எத்திலீன் டைபுரோமைடும் அதில் சேர்க்கப்படுகிறது.

பழைய, குறைந்த அமுக்க விகிதம் கொண்ட பல எஞ்சின்கள் சிவப்புநிற 80/87 பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. அதில் ஈய வரம்பு லிட்டருக்கு 0.14 கிராம் மட்டுமே. அவ்வகை வழக்கொழிந்தபின் இந்த எஞ்சின்களும் நான்கு மடங்கு ஈய வரம்புள்ள 100எல்எல் பெட்ரோலுக்கு மாறின. இதனால் ஸ்பார்க் பிளக்குகளில் ஈயம் படிவது பெருகியது. படிவைக் குறைக்கச் சிலர் டிரைகிரெசில் பாஸ்பேட் சேர்க்கின்றனர். இது ஈயத்தை மின்கடத்தாத ஈயப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. இதுவும் நச்சுத்தன்மை உடையது.

உறைதல் தடுப்பிகள்

எரிபொருளில் கரைந்துள்ள சிறிதளவு நீர் உயரத்தில் குளிரும்போது பிரிந்து உறைந்து வடிகட்டியை அடைக்கக்கூடும். இதைத் தடுக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 1% வரையிலும், டைஎத்திலீன் கிளைக்கால் மோனோமெத்தில் ஈதர் 0.10% முதல் 0.15% வரையிலும் சேர்க்கப்படுகின்றன. இரண்டாவது பொருளின் அளவு குறைந்தால் பயன் இல்லை. மிகுந்தால் தொட்டியும் ரப்பர் வளையங்களும் பாதிக்கப்படும் என்று செஸ்னா விமானிக் கையேடுகள் எச்சரிக்கின்றன.

தொட்டி வகைகள்

உலோகத் தொட்டி: தனியே செய்து இறக்கைக்குள் பொருத்தப்படுவது. முதுமையில் இணைப்புகளில் விரிசல் காணும்.

ரப்பர்ப் பை: இறக்கையின் அறைக்குள் விரிக்கப்படும் பை. காலப்போக்கில் இறுகி வெடிக்கும். சரியாக விரியாத பையின் மடிப்புகளில் தேங்கும் நீர், பறப்புக்கு முந்தைய வடிப்புச் சோதனையில் வெளிவராமல் போகலாம்.

ஈர இறக்கை: இறக்கையின் உலோகத் தகடுகளே தொட்டியின் சுவர்கள். உட்புற இணைப்புகளில் இருகூறு பாலிசல்பைடு பசை பூசப்படும். மூனி எம்20 இவ்வகைக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு.

வெயில், அதிர்வு, தரையிறங்கும்போது இறக்கை வளைதல் ஆகியவற்றால் பாலிசல்பைடு பசை நெகிழ்வை இழந்து உலோகத்திலிருந்து விடுபடுகிறது. இறக்கையின் அடிப்பகுதியில் ஆணிகளைச் சுற்றித் தோன்றும் நீலக்கறை கசிவின் முதல் அடையாளம். சிறு கசிவுகளுக்கு ஒட்டுப் போடலாம். ஆனால் புதிய பசை முதிர்ந்த பசைமீது நன்கு ஒட்டாததால், கசிவு பல இடங்களில் இருந்தால் பழையதை முழுவதும் சுரண்டி நீக்குவதே நிலையான தீர்வு. தொட்டிக்குள் ஊற்றி உருட்டிப் பூசப்படும் திரவப் பூச்சு எளிது என்றாலும், அது ஏடாக உரிந்தால் எரிபொருள் வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினை நிறுத்திவிடலாம்.

எரிபொருள் மாறும்போது

பெட்ரோலிலுள்ள அரோமாட்டிக் சேர்மங்கள் ரப்பரையும் பசையையும் ஓரளவு உப்பச் செய்கின்றன. பல ஆண்டுகள் ஒரே எரிபொருளில் ஊறிய பொருள் அந்த உப்பிய நிலையிலேயே கசியாமல் நிற்கிறது. அரோமாட்டிக் குறைந்த எரிபொருளுக்கு மாறினால் அது சுருங்கிக் கசியலாம். மிகுந்த எரிபொருளுக்கு மாறினால் இளகலாம்.

அமெரிக்காவில் 1982 முதல் சில பழைய வானூர்திகளுக்கு வாகனப் பெட்ரோல் பயன்படுத்தத் துணை வகைச் சான்று வழங்கப்பட்டது. ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது பொருந்தாது. எத்தனால் பழைய பூச்சுகளையும் ரப்பரையும் தாக்குவதோடு, நீரை ஈர்த்து, குளிரில் நீருடன் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்துவிடும்.

ஈயமற்ற எரிபொருளுக்கான மாற்றம் இதே சிக்கலை மீண்டும் எழுப்பியுள்ளது. வானூர்திப் பெட்ரோலின் ஈயம் மக்கள் நலனுக்கு ஆபத்து என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 அக்டோபரில் முடிவு செய்தது. 2022-இல் சான்று பெற்ற ஜி100யுஎல் என்னும் 100 ஆக்டேன் எரிபொருளில் ஈயம் இல்லை, அரோமாட்டிக் சேர்மங்கள் அதிகம். அது கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்தபின், சில வானூர்திகளில் வண்ணப்பூச்சும் கசிவடைப்பானும் சேதமடைந்ததாக உரிமையாளர்கள் முறையிட்டனர். தயாரிப்பாளர் தரப்பு, ஏற்கெனவே நலிந்திருந்த பூச்சுகளையும் பசைகளையும் காரணமாகக் காட்டியது.

பராமரிப்பு

சான்று பெற்ற வானூர்தியில், அதற்கென ஒப்புதல் அளிக்கப்பட்ட எரிபொருளையும் சேர்க்கைப்பொருளையும் மட்டுமே பயன்படுத்தலாம். எரிபொருள் வகையை மாற்றுமுன் தொட்டியின் வகை, கசிவடைப்பானின் வயது, முன்பு செய்த ஒட்டுகள் ஆகியவற்றைப் பராமரிப்புப் பதிவேட்டில் சரிபார்ப்பதும், மாற்றியபின் ஆணி வரிசைகளையும் வடிகட்டியையும் அடிக்கடி பார்ப்பதும் தேவை. புதிய எரிபொருள்களின் நிறம் வேறாக இருக்கலாம் என்பதால் நீலக்கறையை மட்டும் தேடுவது போதாது.