நாயும் வரட்டும் ஊருக்கு
ஆழ்வார்பேட்டை வீட்டைப் பூட்டிக்கொண்டு கோடைக்குத் தென்காசிப் பக்கம் கிளம்புகிறீர்களா? வளர்ப்பு நாயையும் கூட்டிப் போகலாம், நேயர்களே. ரயிலில் ஏசி முதல் வகுப்பில் இருவர் கூபேயையோ நால்வர் கேபினையோ முழுசாக எடுத்தால் நாய் கூடவே வரும். ஸ்லீப்பரிலும் மற்ற ஏசி பெட்டிகளிலும் அனுமதி இல்லை. கார்டு பெட்டியின் நாய்க்கூண்டுதான். ராத்திரி முழுக்க அந்த இரும்புக் கூண்டில் தனியாக... நம் ஓட்டு காருக்கே!

வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சான்றை மறக்காதீர்கள். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ளும். டிபனுக்கு இறங்கும்போது அதைக் காரில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியை விரற்கடை இறக்கி வைப்பதெல்லாம் போதாது. ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிடுங்கள்.

1960-ல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், சார்லி என்ற பூடில் நாயோடு வண்டிவீட்டில் அமெரிக்காவைச் சுற்றினார். யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடியைக் கண்டு சார்லி குரைத்த குரைப்பில் வண்டியைத் திருப்பிவிட்டதாக எழுதியிருக்கிறார். முதுமலை வழியாகப் போகிறவர்களும் நாயைக் காட்டுச் சாலையில் இறக்க வேண்டாம்.