பூச்சட்டிக்கு ஒரு பெட்டி!

விருதுநகரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். விருந்து முடிந்து புறப்படும்போது தாம்பூலப் பை கொடுத்தார்கள். உள்ளே தேங்காய் இல்லை. ஒரு செடி இருந்தது!

அது மணி பிளாண்ட். கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் இரண்டு பிடி மண். அதன் மேல் ஐந்து பச்சை இலைகள். பார்க்க அழகுதான். சிவகாசி பஸ்ஸில் ஏறி, மடியில் வைத்துக் கொண்டேன். ஆமத்தூர் தாண்டுவதற்குள் பை சாய்ந்தது. மண் முழுவதும் வேட்டியில்! திருத்தங்கல் வருவதற்குள் இரண்டு இலைகள் ஒடிந்து விட்டன.

பக்கத்தில் இருந்த பாட்டி பார்த்துக் கொண்டே வந்தார். "ஏன் தம்பி, வெடிக்குக்கூட பெட்டி போட்டுக் கொடுக்கிறாங்க. உசிருள்ள செடிக்கு ஒரு பெட்டி கிடையாதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி அல்லவா? அதுவும் சிவகாசிக்குப் போகும் பஸ்ஸில்!

1922-ம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பட்டாசுக்கு வண்ணப் பெட்டி வேண்டும். அதற்காக அச்சகங்கள் வந்தன. இன்று பெட்டி செய்வதில் சிவகாசிக்காரருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பூச்சட்டியும் அவர்களுக்குப் புதிதல்ல. தீபாவளிக்குக் கொளுத்தும் புஸ்வாணத்துக்குப் பூச்சட்டி என்றும் பெயர் உண்டே! அது பெட்டிக்குள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நிஜப் பூச்சட்டிக்கு வேண்டியதும் அதுதான்.

கண்ணாடிப் பெட்டியில் கடல் பிரயாணம்

செடியைப் பெட்டியில் வைத்து அனுப்புவது பழைய வித்தை. லண்டனில் வார்டு என்று ஒரு டாக்டர் இருந்தார். 1829-ல் அவர் ஒரு மூடிய பாட்டிலில் ஈர மண்ணும் ஒரு கூட்டுப் புழுவும் வைத்திருந்தார். சில நாளில் மண்ணிலிருந்து செடி முளைத்தது! மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் பட்டு, மீண்டும் மண்ணிலேயே விழுந்தது. தண்ணீரே ஊற்றாமல் செடி வளர்ந்தது. உடனே கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். 1833-ல் இரண்டு பெட்டிகள் கப்பலேறி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தன. செடிகள் வாடவில்லை!

சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கான தேயிலைச் செடிகள் இந்தியா வந்ததும் இந்தப் பெட்டியில்தான்.

ஆனால் நம் நீலகிரிக்கு வந்த கதை வேறு. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் சிங்கோனாச் செடிகளை 1860-ல் தென் அமெரிக்காவிலிருந்து மார்க்காம் என்பவர் இதே பெட்டியில் கொண்டு வந்தார். வழியில் செங்கடல் வெயில்! பெட்டிக்குள் வெந்து போன செடிகள் ஊட்டி வந்து சேர்ந்தும் பிழைக்கவில்லை. வெயிலில் மூடிய பெட்டி அடுப்பாகி விடும். விருதுநகர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா?

வேர் ஆடக் கூடாது

ஆகவே நம் ஊருக்குக் கண்ணாடி வேண்டாம். பிளாஸ்டிக்கும் வேண்டாம். அட்டையே போதும். உள்ளே நெளிநெளியாக இருக்கும் அட்டைதான் நல்லது. நெளிகள் மேலும் கீழுமாக நிற்கும்படி பெட்டி செய்ய வேண்டும். அப்போதுதான் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினாலும் நசுங்காது.

பெட்டிக்குள் இன்னொரு அட்டை. அதில் வட்டமாக ஒரு துளை. தொட்டி அந்தத் துளையில் இறுக்கமாக உட்கார வேண்டும். தொட்டி ஆடினால் மண் உதிரும், வேர் அறுந்து போகும். மண் கொட்டாமல் இருக்க, நடுவில் பிளந்த அட்டை வட்டம் ஒன்றைத் தண்டைச் சுற்றிச் செருகலாம். சட்டைக்குக் காலர் மாதிரி! பக்கங்களில் மேல்புறமாகக் காற்றுத் துளைகள். வெளியே எந்தப் பக்கம் மேல் என்று காட்டும் அம்புக்குறி.

அட்டைக்கு ஒரு சத்துரு உண்டு. அது தண்ணீர். செடிக்கு முதல் நாளே நீர் ஊற்றி வடிய விட வேண்டும். புறப்படும் நேரத்தில் ஊற்றினால் பெட்டியின் அடி ஊறிப் பிய்ந்து விடும். கறுப்பு உறைக்குப் பதிலாகத் தென்னை நாரில் செய்த தொட்டி வைக்கலாம். அது மண்ணிலேயே மக்கும். பளபளப்புக்காக அட்டை மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டுகிறார்களே, அதுவும் வேண்டாம். ஒட்டினால் அட்டை மக்காது. பிளாஸ்டிக் தூக்குப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தடை. பையைத் தடுத்து விட்டு, பெட்டியில் பிளாஸ்டிக் ஒட்டலாமா?

ஓலைக் கொட்டானையும் மறக்க வேண்டாம். கருப்பட்டி சுமந்த கொட்டான் செடியையும் சுமக்கும். காற்றுக்குத் தனியாகத் துளை போட வேண்டியதும் இல்லை.

இதில் பிழைப்பும் இருக்கிறது. 2018 அக்டோபர் 23-ல் சுப்ரீம் கோர்ட்டு பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. பேரியம் உப்பு கூடாது என்றது. அந்த ஆண்டுத் தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. பட்டாசு நின்றால் பட்டாசுப் பெட்டிக்கு மட்டும் வேலை ஏது? கல்யாணமோ தீபாவளியை நம்பி இல்லை. ஆடி, மார்கழி போன்ற சில மாதங்கள் போனால் மற்ற மாதமெல்லாம் முகூர்த்தம்தான்.

பெட்டியில் செடி வந்தால் இரண்டு நாளுக்கு மேல் மூடி வைக்காதீர்கள். திறந்ததும் வெயிலில் வைக்காதீர்கள். சன்னல் ஓரம் போதும். என் மணி பிளாண்ட் அங்கேதான், ஒரு கொட்டாங்கச்சியில் இருக்கிறது. மூன்று இலைதான் மிச்சம். நேற்று நான்காவது விட்டிருக்கிறது.