ரயில் இல்லாத டாப் ஸ்டேஷன்

மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாகக் கிழக்கே ஏறத்தாழ 32 கிலோமீட்டர் சென்றால் டாப் ஸ்டேஷன் வரும். கேரளமும் தமிழ்நாடும் தொட்டுக்கொள்ளும் மலைவிளிம்பு அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும் சரிவுகளைக் காணவும், கீழே தேனி மாவட்டத்துச் சமவெளியின் மீது மேகம் நகர்வதைப் பார்க்கவும் மக்கள் அங்கே கூடுகின்றனர். இவ்வளவு உயரத்தில் 'ஸ்டேஷன்' எங்கிருந்து வந்தது என்னும் ஐயம் வருவோர்க்கெல்லாம் எழுவது இயல்பே. தண்டவாளமும் இல்லை, நடைமேடையும் இல்லை. எனினும் அப்பெயர் கற்பனையன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வேயின் கடைசி நிலையம் அங்கேதான் இருந்தது.

இந்த ரயில் பாதை பயணிகளுக்காகப் பிறந்ததன்று, தேயிலைக்காகப் பிறந்தது. 1877ஆம் ஆண்டு பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். சிங்கோனா, காப்பி, ஏலம் எனப் பலவற்றையும் பயிரிட்டுப் பார்த்த தோட்டக்காரர்களுக்கு இறுதியில் கைகொடுத்தது தேயிலையே. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தொடங்கப்பெற்றது. விளைச்சல் பெருகியது, அதை மலையிலிருந்து இறக்குவது எவ்வாறு என்பதே அடுத்த சிக்கல்.

மேற்கே கொச்சி நோக்கிய வழி நீண்டது, அடர்காட்டினூடே செல்வது. கிழக்கே மலைவிளிம்பை அடைந்துவிட்டாலோ, போடிநாயக்கனூர்ச் சமவெளி காலடியில் கிடந்தது. தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் மலையேறி வந்ததும் அந்தக் கிழக்குச் சரிவின் வழியாகத்தான். ஆகவே கம்பெனியின் பார்வை கிழக்கே திரும்பியதில் வியப்பில்லை.

1902இல் மூணாறு முதல் டாப் ஸ்டேஷன் வரை வண்டிப்பாதை ஒன்றை வெட்டி, அதன்மீது ஒற்றைத் தண்டவாளம் பதித்தனர். 'யூயிங்' முறை எனப்பட்ட அந்த அமைப்பு இன்றைய வாசகருக்கு விந்தையாகத் தோன்றும். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல் ஓடும். பெரிய சக்கரம் ஒன்று பக்கத்துச் சாலையில் உருண்டு, வண்டி சாய்ந்துவிடாமல் தாங்கிக்கொள்ளும். இழுத்தவை எருதுகள். இதே முறையில் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய ஒற்றைத் தண்டவாள வண்டியை டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

எருதுகள் இழுக்கும் வேகம் பெருகிவந்த தேயிலைக்குப் போதவில்லை. 1908இல் ஒற்றைத் தண்டவாளம் அகற்றப்பட்டு, 610 மில்லிமீட்டர் அகலமுள்ள குறும்பாதை அமைக்கப்பட்டது. நீராவி எஞ்சின் வந்தது. டார்ஜிலிங் மலை ரயிலின் பாதைக்கும் இதே அகலந்தான். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என நிலையங்கள் நான்கு. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிக் கம்பிவழியில் ஏறின. ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தூரம் அந்தரத்தில் தொங்கியபடி அவை கொட்டகுடியைச் சேர்ந்தன. அவ்விடத்துக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர். டாப் ஸ்டேஷன் என்பது தனித்து வைத்த பெயரன்று என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும். கீழே தமிழ்நாட்டில் ஒரு நிலையம் இருந்ததால்தான் இது மேல் நிலையமாயிற்று. கொட்டகுடியிலிருந்து போடிநாயக்கனூருக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர் மாட்டுவண்டிப் பயணம்; அதன்பின் கடல் கடந்து இங்கிலாந்து. எருது, நீராவி, கம்பி, மறுபடியும் எருது என்று இத்தனை கை மாறித்தான் நம் மலைத் தேயிலை சீமைக் கோப்பைகளை எட்டியது!

பதினாறு ஆண்டுகளே இந்த ஏற்பாடு நிலைத்தது. 1924 ஜூலையில் பெய்த பெருமழையைக் கேரள மக்கள் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே குறிப்பிடுகின்றனர். அது கொல்லம் ஆண்டு 1099. சரிவுகள் பெயர்ந்தன, தண்டவாளங்களும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. மேற்கே ஆலுவாய்க்குச் சென்ற பழைய சாலையும் கரிந்திரியில் மலை சரிந்து அழிந்தது. தெற்கே, நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையோர ஊரான அம்பூரியில் 2001 நவம்பரில் நேர்ந்த நிலச்சரிவை மறவாத நம் வாசகர்களுக்கு, நீரில் ஊறிய மலை எத்துணை விரைவில் இடம்பெயரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ரயில் பாதையை மீண்டும் அமைக்கும் முயற்சி நடைபெறவில்லை. கம்பிவழியும் சாலையும் அதன் வேலையை ஏற்றுக்கொண்டன. 1931இல் நேரியமங்கலம் வழியாக ஆலுவாய்க்குப் புதிய சாலை திறக்கப்பட்டதும் மூணாற்றின் முகம் மெல்ல மேற்கே திரும்பியது. கணக்கு நோக்கில் இது சரியான முடிவாகவே இருந்திருக்கும். ஆயினும் அந்த ரயிலோடு போனது சரக்குப் பாதை மட்டுமன்று. போடிக்கும் மூணாற்றுக்கும் இடையிலிருந்த நேர் உறவும் தளர்ந்தது என்பது நம் கருத்து. போடிநாயக்கனூருக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928இல். நான்கே ஆண்டு இடைவெளியில் இரு ரயில்களும் ஒன்றையொன்று காணாமலே போயின!

டார்ஜிலிங், நீலகிரி, கால்கா–சிம்லா ஆகிய மூன்று மலை ரயில்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்று இன்றும் ஓடுகின்றன. குண்டளை ரயிலுக்கு எஞ்சியிருப்பவை மிகச் சில. மூணாற்றில் நிலையமாக இருந்த கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. பாதை ஓடிய இடங்கள் பலவும் சாலைகளாயின. நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் எஞ்சினின் சக்கரம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. மூணாறு செல்வோர் அதைத் தவறாமல் பார்த்துவர வேண்டும்.

பழைய ரயிலைச் சுற்றுலாவுக்காக மீட்டெடுக்கும் யோசனை கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் பேசப்பட்டது. அது நிறைவேறுமாயின் நமக்கு மகிழ்ச்சியே. இதற்கிடையே, அகலப்பாதையாக மாற்றப்படுவதற்காகப் பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த போடி ரயில் 2023 ஜூனில் மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த நிலையத்தில் இறங்கி மேற்கே நோக்கினால், முன்பு தேயிலைப் பெட்டிகள் கம்பியில் இறங்கிவந்த மலைத்தொடர் எதிரே நிற்கிறது.