படிக்கும்போதே மருத்துவமனையில் வேலை – நர்சிங் மாணவியருக்கு எது நல்வழி?



மகள் நர்சிங் படித்துக்கொண்டே இரவு நேரத்தில் ஏதாவது ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துப் படிப்புச் செலவைச் சமாளிக்கலாமா என்று ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிப் பெற்றோர் சபைப் பெரியவர்களிடம் கேட்பதுண்டு. இதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் ஓசூரில் ஆலைகள் பெருகியிருக்கின்றன. பிளஸ் டூ முடித்து ஆலைக்குப் போகும் பெண் முதல் மாதமே வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருகிறாள். அவளோடு படித்த தோழி நர்சிங்கில் சேர்ந்தால் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு வீட்டுக்குச் செலவுதான். இந்த வித்தியாசத்தைத் தாங்க முடியாமல் பாதியில் படிப்பை விடும் பிள்ளைகளை எண்ணியே இதை எழுதுகிறோம்.

சட்டம் சொல்வது

டிப்ளமோ நர்சிங் படிப்பு மூன்று ஆண்டு, பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு ஆண்டு. தேர்ச்சி பெற்றபின் மாநில நர்சிங் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகே ஒருவர் நர்ஸாகப் பணிபுரியலாம். சென்னை மாகாணத்தில் நர்சுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-இல் வந்தது.

ஆகவே மாணவி வார்டில் நிற்பது கற்றுக்கொள்வதற்காக. அருகில் ஆசிரியையோ வார்டு சிஸ்டரோ இருக்க வேண்டும். நடு இரவில் ஆள் பற்றாக்குறை உள்ள ஒரு சிறிய நர்சிங் ஹோமில் அவளைத் தனியே நிறுத்தி, ஊசி போடவும் சொட்டு மருந்து ஏற்றவும் சொன்னால் என்ன ஆகும்? அளவு தவறினால் துன்பப்படுவது நோயாளி. பதிவு இல்லாத மாணவிக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. சீருடையைப் பார்த்து அவளை நர்ஸ் என்று நம்பிய குடும்பமும் ஏமாற்றப்படுகிறது.

பழைய முறையும் புதிய முறையும்

மாணவிகளே வார்டு வேலை செய்த காலம் ஒன்று உண்டு. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860-இல் லண்டன் புனித தோமா மருத்துவமனையில் தொடங்கிய பள்ளியில், பயிற்சி பெற்ற பெண்களுக்கு உணவும் தங்குமிடமும் ஆண்டுக்குப் பத்து பவுன் சம்பளமும் கிடைத்தன. உழைத்துக்கொண்டே கற்கும் இந்த முறை உலகெங்கும் பரவியது. ஏழைப் பெண்களுக்கு அது கதவைத் திறந்தது உண்மை. ஆனால் வேலை மிகுந்தபோது பாடம் பின்னுக்குப் போயிற்று.

அதனால்தான் பிற்காலத்தில் படிப்புக்கு முதலிடம் தரப்பட்டது. 2021-இல் திருத்தப்பட்ட பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டத்தில் வகுப்பும் வார்டும் சேர்ந்து வாரத்துக்கு 40 மணி நேரம். கடைசிப் பருவத்துப் பயிற்சிப் பணியில் 48 மணி நேரம். இதற்குமேல் இரவு வேலையும் பார்க்கும் பெண் எப்போது உறங்குவாள், எப்போது படிப்பாள்? தேர்வில் ஒரு முறை தவறினால், இரவுகளில் சம்பாதித்ததை விட அதிகம் இழப்பாள்.

வேலூர் காட்டிய வழி

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வேலூர் மருத்துவமனையில் 1909-இல் நர்சிங் பள்ளி தொடங்கியது. 1946-இல் அது பட்டப்படிப்பாக உயர்ந்தது. அங்கே திருச்சபைகளும் மிஷன் அமைப்புகளும் மாணவர்களைப் பரிந்துரைத்து அனுப்பும் வழக்கம் உண்டு. அப்படிப் போனவர்கள் படிப்பு முடிந்தபின் ஒரு குறிப்பிட்ட காலம் மிஷன் மருத்துவமனைகளில் பணிபுரிகிறார்கள். படிக்கும்போதே வேலை நிச்சயமாகிறது; சட்டமும் மீறப்படவில்லை; நோயாளிக்கும் ஆபத்தில்லை.

மாணவியருக்குச் சில ஆலோசனைகள்

1. கல்லூரியில் பணம் கட்டுமுன் அதற்குக் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தால் பதிவு கிடைக்காது.

2. வார்டுப் பயிற்சியே உங்கள் முதல் நேர்முகத் தேர்வு. நேரம் தவறாமை, கை சுத்தம், குறிப்பேட்டை ஒழுங்காக எழுதுவது ஆகியவற்றை வார்டு சிஸ்டர் கவனிக்கிறார். கடைசி ஆண்டில் அவரிடமே வேலைவாய்ப்பைக் கேட்கலாம். பயிற்சிப் பணிக்காலத்தில் உதவித்தொகை உண்டா என்றும் கேளுங்கள்.

3. ஓசூர் வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. தளியிலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ வரும் மூதாட்டியிடம் அவர் மொழியிலேயே வலியைக் கேட்கத் தெரிந்த நர்ஸை எந்த மருத்துவமனையும் விரும்பும். இதை விண்ணப்பத்தில் மறவாமல் எழுதுங்கள்.

4. விடுமுறையில் சம்பாதிக்க வேண்டுமானால் வரவேற்பு மேசை, பதிவேட்டு அறை போன்ற வேலைகளைக் கல்லூரியின் அனுமதியோடு தேடலாம். நர்ஸ் என்ற பெயரில் வேண்டாம்.

5. அசல் சான்றிதழ்களை எவரிடமும் பிணையாகக் கொடுக்காதீர்கள்.

6. சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவில் படிப்பவர்கள், கர்நாடகக் கவுன்சிலில் பதிவு செய்தபின் தமிழ்நாட்டில் வேலை பார்க்க இங்குள்ள கவுன்சிலிலும் பதிய வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும் என்பதால் தேர்ச்சி பெற்றவுடனே தொடங்குங்கள்.

நாம் செய்யக்கூடியது

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குத் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. 2022-இல் தொடங்கிய இத்திட்டத்தைப் பற்றி உங்கள் சபைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனாலும் விடுதிச் சாப்பாடு, சீருடை, புத்தகம், தேர்வுக் கட்டணம் என்று செலவு மிஞ்சவே செய்கிறது. பெண்களை இரவு வேலைக்குத் தள்ளுவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகளே.

ஒரு சபையோ சில குடும்பங்களோ சேர்ந்து ஒரு மாணவியின் விடுதிச் செலவை ஏற்றுக்கொண்டால் அவள் இரவில் நிம்மதியாகப் படிப்பாள், உறங்குவாள். நாளை நம் வீட்டார் ஒருவர் வார்டில் படுத்திருக்கும்போது அவர் அருகே நிற்கப்போகிறவள், முறையாகக் கற்றுத் தேறிய நர்ஸாக இருப்பாள். உங்கள் சபையில் நர்சிங் படிக்கும் பிள்ளை யார், அவளுக்கு இந்தப் பருவத்தில் என்ன தேவை என்று இந்த வாரமே விசாரித்துப் பாருங்கள். அவர்களுக்காக ஜெபியுங்கள், இயன்றதைக் கொடுங்கள்.